அப்பா சொன்ன அந்த ஒரு வரி: செயின்ட் பால்ஸ்ல படிச்சவங்க யாராவது இருக்கீங்களா?

கடைக்காரர் மக
வணக்கம், யாங்கூன்ல, அதான் பழைய ரங்கூன்ல இருந்து எழுதுறேன். அப்பா தவறி போன வாரம்தான் பதினாறு முடிஞ்சுது. அவர் படிச்சது செயின்ட் பால்ஸ், இப்ப பொட்டட்டாங் ஆறாம் நம்பர் ஸ்கூல்னு சொல்றோமே அது. நாங்க கொன்சேடான் தெரு காளியம்மன் கோயிலுக்குப் போற குடும்பம், ஆனா அப்பா தினமும் கடையில கணக்கு நோட்ட தொறக்குறதுக்கு முன்னாடி ஒரு நிமிஷம் அசையாம நின்னு இங்கிலீஷ்ல ஏதோ முணுமுணுப்பாரு. நாம கடவுளோட சந்நிதியில இருக்கோம்ங்கறத நினைச்சுக்குவோம், அப்படின்னு அர்த்தம் வரும். கேட்டா ஸ்கூல்ல சொல்லிக் குடுத்ததுன்னுவாரு, அதுக்கு மேல பேச்சே இல்ல. அதை நினைவு அட்டையில போடணும்னு எனக்கு ஆசை, சித்தப்பா வேதக்காரங்க ஜெபமெல்லாம் எதுக்குன்னு கோவிக்கிறாரு. ஏதோ ஃபாதர் எழுதுன ஜெபமா இது?

பழைய மாணவன்
ஃபாதர் இல்லம்மா, பிரதர். அந்த ஸ்கூல நடத்துனது தெ லசால் பிரதர்ஸ், அவங்க பூசை வைக்க மாட்டாங்க, பாடம் சொல்லிக் குடுக்கறதுதான் அவங்க வேலையே. கருப்பு அங்கி, கழுத்துல ரெண்டு வெள்ளைத் துண்டு தொங்கும். உங்க அப்பா சொன்னது அவங்க ஸ்கூல் எல்லாத்துலயும் வழக்கமா சொல்ற வரிதான், 1719-ல காலமான அவங்க பிரெஞ்சு ஸ்தாபகர் காலத்துல இருந்து வர்றது. பாடம் தொடங்குறதுக்கு முன்னாடி ஒருத்தர் அதை சொல்லுவாரு, கிளாஸே கப்சிப்னு ஆயிடும். வேதக்காரப் பசங்களுக்கு ஞானோபதேசம், எங்களுக்கு மாரல் சயின்ஸ்னு பிரிச்சு உக்கார வெப்பாங்க, ஆனா இந்த வரிக்கு பிரிவே கிடையாது, நானும் திருநீறு பூசிக்கிட்டுத்தான் நின்னேன். கடைசியில "இயேசுவே எங்கள் இதயத்தில் வாழ்க"ன்னு இங்கிலீஷ்ல சொன்னா நாங்க "ஃபாரெவர்"னு கத்துவோம், ஜன்னல் கண்ணாடி அதிரும். 1965-ல சர்க்கார் ஸ்கூல எடுத்துக்கிட்டப்ப நான் ஏழாவது. அதுக்கப்புறம் அந்த சத்தமே கேக்கல.

வியாசர்பாடி மருமவன்
அக்கா, எங்க மாமாவும் அங்கதான். 1964 மே மாசம் அம்பது, நூறு ஜாட் நோட்டு (ஜாட்ங்கறது பர்மா பணம்) செல்லாதுன்னு சொன்னதுல தாத்தா கடை படுத்துச்சு, அடுத்து கப்பல்ல மெட்ராஸ். மாமாவுக்கு இந்த வரியெல்லாம் ஞாபகம் இல்ல, ஆனா கிளாஸ் அட்டெண்டன்ஸ இப்பவும் வரிசை மாறாம சொல்லுவாரு, நடுநடுவுல "இவன் போயிட்டான், இவனும் போயிட்டான்"னு சேத்துக்குவாரு. அந்த வருசம் வாரத்துக்கு ஒரு பேருக்கு பதில் சத்தம் வராதாம். உங்க அப்பா அங்கயே தங்கினவர்ங்கறதால அந்த காலி பெஞ்சுங்களயெல்லாம் பாத்துட்டே படிச்சிருப்பாருன்னு தோணுது. அட்டையில போடுங்க. தமிழ்லயே போடுங்க, இங்கிலீஷ்ல போட்டா வர்றவங்கள்ல பாதிப்பேருக்குப் புரியாது.

கடைக்காரர் மக
பெரியவர் எழுதுனத சித்தப்பாவுக்கு வாசிச்சுக் காட்டினேன். ஃபாரெவர் வந்ததும் சிரிச்சுட்டாரு, அவரும் ரெண்டாவது வரைக்கும் அங்கதான் படிச்சாராம், இத்தன வருசத்துல எங்கிட்ட ஒரு வார்த்த சொன்னதில்ல! இப்ப போடச் சொல்றாரு, ஆனா எங்கயாவது ஃபாதர்னு எழுதிட்டேன்னா அட்டைய கிழிச்சுடுவாராம். யாங்கூன்ல தமிழ் ஃபாண்ட் வெச்சிருக்கற பிரஸ் எது இருக்கு, யாராச்சும் சொல்லுங்க, முப்பதாம் நாளுக்கு வேணும்.