நாயை 10 நாள் கவனித்தால் போதுமாம்: எங்கள் சங்கத்தின் சுற்றறிக்கை

நான்காம்தெரு:
எங்கள் குடியிருப்போர் நலச் சங்கத்தின் வாட்ஸ்அப் குழுவில் நேற்று ஒரு சுற்றறிக்கை வந்தது. "காதில் வெட்டு அடையாளம் உள்ள தெருநாய் கருத்தடையும் தடுப்பூசியும் பெற்ற நாயாகும். அது கடித்தால் பதற வேண்டாம். 10 நாள் நாயைக் கவனித்தால் போதும்" என்று அதில் எழுதியிருக்கிறார்கள். தண்ணீர் மோட்டார் எத்தனை மணிக்கு ஓடும் என்று அறிவிப்பதோடு நிற்க வேண்டியவர்கள் மருத்துவமும் பார்க்கத் தொடங்கிவிட்டார்கள். சென்ற மாதம் என் மகனின் கெண்டைக்காலில் இரண்டு பல் பதியக் கடித்த நாய்க்கும் காதில் வெட்டு இருந்தது. பக்கத்து வீட்டுப் பெரியவர் காப்பித்தூளை அப்பச் சொன்னார், நான் கேட்கவில்லை. குழாயடியில் உட்கார வைத்து, சோப்புப் போட்டுக் கால் மணி நேரம் கழுவிவிட்டு, அரசு மருத்துவமனைக்குத் தூக்கிக்கொண்டு ஓடினேன். சுற்றறிக்கை ஒரு மாதம் முன்னால் வந்திருந்தால் என் வீட்டுப் பெரியவர்களும் "பொறு, பார்க்கலாம்" என்றுதான் சொல்லியிருப்பார்கள்.

ஓய்வுபெற்றவன்:
தம்பி, ஆத்திரத்தில் அறிவியலைத் திட்டாதீர்கள். 10 நாள் என்பது சங்கச் செயலாளர் கண்டுபிடித்த கணக்கன்று. ரேபிஸ் கிருமி எச்சிலில் வெளிப்படத் தொடங்கிய நாய் 10 நாளுக்குள் நோய்க்குறி காட்டி இறந்துவிடும். ஆகவே கடித்த நாய் பத்தாம் நாளும் சோறு தின்று, வாலாட்டிக்கொண்டு நின்றால், கடித்த அன்று அதன் எச்சிலில் கிருமி இல்லை என்று பொருள். கால்நடைத் துறையில் பணியாற்றிய காலம் முழுவதும் இதைத்தான் மக்களுக்குச் சொன்னேன். சுற்றறிக்கையில் தவறில்லை.

ஊசியறை:
நாயைப் பற்றி ஐயா எழுதியது சரி. கடிபட்ட மனிதர் அந்தப் 10 நாளும் என்ன செய்துகொண்டிருக்க வேண்டும் என்பதை மட்டும் விட்டுவிட்டார். அரசு மருத்துவமனையில் தோலுக்குள் போடும் தடுப்பூசி 0 (முதல் ஊசி போடும் நாள்), 3, 7, 28 ஆகிய நாள்களில், ஒவ்வொரு முறையும் இரண்டு இடத்தில் 0.1 மில்லி போடப்படுகிறது. ஐயாவின் 10 நாள் முடிவதற்குள் மூன்று தவணை முடிந்திருக்க வேண்டும். நாய் நலமாக இருந்தால் விடுபடக்கூடியது 28-ஆம் நாள் தவணை ஒன்றுதான். கடி தோலைத் துளைத்திருந்தால் அது மூன்றாம் வகைக் காயம், அதாவது மிகக் கடுமையான வகை. தடுப்பூசியால் உடலில் எதிர்ப்பாற்றல் உருவாக ஒரு வாரத்துக்கு மேல் ஆகும் என்பதால், அந்த இடைவெளிக்குக் காயத்தைச் சுற்றி இம்யூனோகுளோபுலின் என்ற ஆயத்த எதிர்ப்புப் பொருளையும் செலுத்த வேண்டும். முதல் தவணை போட்டு ஏழு நாள் கடந்த பிறகு அதைக் கேட்டு வந்தால் கொடுப்பதில்லை. 10 நாள் காத்திருந்துவிட்டு வருபவரிடம் நான் என்ன சொல்வது?

ஓய்வுபெற்றவன்:
ஊசி போடுபவருக்கு ஊரில் உள்ளவர்கள் எல்லோரும் நோயாளிகளாகத்தான் தெரிவார்கள். ஊசி போட வேண்டாம் என்று நான் எங்கே எழுதினேன்? 10 நாள் கவனித்தால் போதும் என்பது கோட்பாடு. 2001-ஆம் ஆண்டின் நாய் இனக்கட்டுப்பாட்டு விதிகளிலும் ரேபிஸ் கண்ட நாய் வழக்கமாக 10 நாளுக்குள் இறந்துவிடும் என்று எழுதியிருந்தது. விதியே சொன்னதை நீங்கள் மறுக்கிறீர்களா? குன்னூர் பாஸ்டர் நிறுவனத்தில் ஆட்டு மூளையிலிருந்து மருந்து தயாரித்த காலத்தில், தொப்புளைச் சுற்றிப் போட்டுக்கொண்ட ஊசியால் நரம்புக்கோளாறு வந்தவர்களும் உண்டு. அப்போது நாயைச் சங்கிலியில் கட்டிவைத்து 10 நாள் பார்த்ததால்தான் எத்தனையோ பேர் அந்த வேதனையிலிருந்து தப்பினார்கள். இந்த வரலாறெல்லாம் இக்காலத்துப் பிள்ளைகளுக்குத் தெரியாது.

ஊசியறை:
அந்த ஆட்டு மூளை மருந்து 2004-ஆம் ஆண்டின் இறுதியோடு இந்தியாவில் நிறுத்தப்பட்டுவிட்டது, ஐயா. மருந்துக்குப் பயந்து காத்திருந்த காலத்தின் வழக்கத்தை, மருந்துக்குப் பயப்படத் தேவையில்லாத காலத்தில் சுற்றறிக்கையாக அனுப்புகிறீர்கள். நான் கேட்டதற்கு விடை வரவில்லை. பத்தாம் நாளுக்குள் மூன்று தவணை முடிய வேண்டுமா, வேண்டாமா?

நான்காம்தெரு:
இன்னொரு கேள்வியும் இருக்கிறது. 10 நாள் கவனிக்க நாய் வேண்டுமல்லவா? என் மகனைக் கடித்த நாய் மூன்றாம் நாளிலிருந்து தெருவில் இல்லை. உள்ளாட்சி அலுவலகத்துக்குத் தொலைபேசியில் பேசினால் "நாயை அடையாளம் காட்டுங்கள்" என்கிறார்கள். இல்லாத நாயை எப்படி அடையாளம் காட்டுவது?

வாயில்லாஜீவன்:
நாய் காணாமற்போகவில்லை, காணாமற்போகச் செய்யப்பட்டது. நான் வளர்த்த செவலை அது. சங்கத்தார் இரவோடு இரவாகச் சாக்கில் கட்டி ஆட்டோவில் ஏற்றியதைக் காவலாளி பார்த்திருக்கிறார். 2023-ஆம் ஆண்டின் விலங்கு இனக்கட்டுப்பாட்டு விதிகளின்படி, கருத்தடை செய்த நாயைப் பிடித்த இடத்திலேயே திரும்ப விட வேண்டும். ஒரு கையால் நாயைக் கடத்திவிட்டு மறு கையால் "10 நாள் கவனியுங்கள்" என்று சுற்றறிக்கை எழுதுபவர்களை என்ன சொல்வது? இன்னொன்றையும் சொல்கிறேன். அந்தப் பிள்ளை பட்டாசைக் கொளுத்திக் குட்டிகள் மேல் போட்டதை இந்தத் தெருவே பார்த்தது.

நான்காம்தெரு:
என் மகனுக்கு ஆறு வயது. அவன் கையில் யாரும் தீப்பெட்டி கொடுப்பதில்லை. நீங்கள் வளர்த்த நாய் என்றால் உங்கள் வீட்டுக்குள் வளர்த்திருக்க வேண்டும், அம்மா. கோழிக்கழுத்தும் சோறும் பிசைந்து என் வீட்டு வாசலில் கொட்டுவதற்குப் பெயர் வளர்ப்பா? பள்ளி வேன் வரும் ஏழரை மணிக்கு எட்டு நாய்கள் அங்கே வட்டமிட்டு நிற்கின்றன.

சட்டம்படிப்பவன்:
இருவரும் விதியில் பாதியை மட்டும் படிக்கிறீர்கள். அதே 2023-ஆம் ஆண்டு விதிகளின் 20-ஆம் விதி, உணவிடும் இடத்தைக் குடியிருப்போர் சங்கமே ஒழுங்கு செய்ய வேண்டும் என்றும், அந்த இடம் குழந்தைகள் விளையாடும் இடத்துக்கும் வாசல், மாடிப்படிகளுக்கும் தள்ளி இருக்க வேண்டும் என்றும் சொல்கிறது. 2025 ஆகஸ்ட் 22 அன்று உச்ச நீதிமன்றம், அதே மாதம் 11-ஆம் தேதி டெல்லிப் பகுதிக்குப் பிறப்பித்த உத்தரவை மாற்றியமைத்தபோது, ரேபிஸ் கண்ட அல்லது கண்டதாக ஐயப்படும் நாயையும் மூர்க்கமான நாயையும் திரும்ப விடக் கூடாது என்றது. கண்ட தெருவில் உணவிடுவதும் கூடாது என்று அப்போதே சொன்னது. நவம்பர் 7 உத்தரவோ பள்ளி, மருத்துவமனை, பேருந்து நிலையம், ரயில் நிலையம் போன்ற வளாகங்களில் பிடித்த நாயை அங்கேயே விடக் கூடாது என்கிறது. நம் நான்காம் தெரு பள்ளி வளாகமன்று என்பதால் செவலையைக் கடத்தியது குற்றமே. வாசலில் சோறு கொட்டியதும் தவறே.

வாயில்லாஜீவன்:
ஆகஸ்டு உத்தரவு டெல்லிக்கு உரியது.

சட்டம்படிப்பவன்:
எல்லா மாநிலங்களையும் வழக்கில் சேர்த்ததும் அதே உத்தரவுதான். முழுவதும் படியுங்கள்.

ஓய்வுபெற்றவன்:
சட்டம், சோறு, ஆட்டோ என்று எங்கெங்கோ போகிறீர்கள். நான் சொன்ன 10 நாளை இதுவரை ஒருவரும் மறுக்க முடியவில்லை என்பதைப் பணிவுடன் குறிப்பிடுகிறேன். 2024-இல் தமிழ்நாட்டில் ஏறத்தாழ 4.8 லட்சம் நாய்க்கடிகள் பதிவாயின. ரேபிஸால் இறந்தவர்கள் 43 பேர். கடிக்கிற நாய்களில் மிகப் பெரும்பாலானவை வெறி கொண்டவை அல்ல என்பது இந்த எண்களிலிருந்தே தெரியவில்லையா? மேலும் காதில் வெட்டு என்பது அரசாங்க முத்திரை. கருத்தடை மையத்தில் தடுப்பூசி போடாமல் நாயை வெளியே விட மாட்டார்கள்.

ஊசியறை:
லட்சக்கணக்கானோர் ஊசி போட்டுக்கொண்ட பிறகும் 43 பேர் இறந்திருக்கிறார்கள். ஊசி போட்டதால் பிழைத்தவர்களின் எண்ணிக்கையைக் காட்டி ஊசி வேண்டாம் என்று வாதிடுவது உங்களால் மட்டுமே முடியும். காது வெட்டு, அறுவை நடந்த அன்று தடுப்பூசியும் போடப்பட்டது என்பதைக் காட்டும். அது மூன்று ஆண்டுக்கு முன்பாகவும் இருக்கலாம். நாய்க்கு ஆண்டுதோறும் மறுபடி போட வேண்டும் என்பதைக் கால்நடைத் துறையில் இருந்தவருக்கு நான் சொல்லித்தரும் நிலை வந்துவிட்டது. வெட்டிய காது திரும்ப வளராது; போட்ட ஊசியின் பலன் தேய்ந்துபோகும்.

ஓய்வுபெற்றவன்:
நான் எத்தனை ஆயிரம் நாய்களுக்கு ஊசி போட்டிருப்பேன் என்று தெரியாமல் பேசுகிறீர்கள். சந்தை மைதானத்தில் ஐஸ் பெட்டியைத் தோளில் மாட்டிக்கொண்டு நின்றிருக்கிறேன். நாயின் கண்ணைப் பார்த்தே சொல்வேன். தாடை தொங்கி எச்சில் ஒழுகும், குரல் கம்மிப்போகும், கல்லையும் மண்ணையும் கவ்வும், இருட்டு மூலையில் ஒடுங்கும். 10 நாளில் இவற்றில் ஒன்றாவது தெரிந்தே தீரும். செவலைக்கு இப்படி எதுவும் இருந்ததா என்று அந்த அம்மாவையே கேளுங்கள்.

வாயில்லாஜீவன்:
இல்லவே இல்லை. மூன்றாம் நாள் காலையில்கூட பிஸ்கட் தின்றது.

நான்காம்தெரு:
மூன்றாம் நாள் தின்றது. மீதி ஏழு நாள் எங்கே தின்றது?

சங்கச்செயலாளர்:
சங்கத்தின் மீது அவதூறு பரப்பப்படுவதால் மட்டுமே இங்கு எழுதுகிறேன். சங்கம் எந்த நாயையும் ஆட்டோவில் ஏற்றவில்லை. அன்றிரவு போன ஆட்டோ பழைய பம்ப் செட்டைப் பழுதுபார்க்க ஏற்றிச் சென்றது. சுற்றறிக்கையில் உள்ள மருத்துவக் குறிப்பு, இவ்விவாதத்திலேயே கலந்துகொண்டிருக்கும் அனுபவம் மிக்க ஒருவர் எழுதிக் கொடுத்தது. பொதுக்குழுவைக் கூட்டாமல் அதைத் திரும்பப் பெற இயலாது. நான்காம் தெரு நண்பர் இரண்டு மாதப் பராமரிப்புத் தொகையைச் செலுத்தாமல் இருப்பதையும் நினைவூட்டுகிறேன்.

நான்காம்தெரு:
எழுதிக் கொடுத்தவர் யார் என்பது இப்போது புரிந்தது. தடுப்புக் கம்பிவேலி போட்டுத் தருவதாக வாங்கிய தொகைக்குக் கணக்கு வந்த மறுநாள் பராமரிப்புத் தொகையும் வரும்.

ஓய்வுபெற்றவன்:
எழுதிக் கொடுத்தது நான்தான். அதில் எனக்குப் பெருமையே. 10 நாள் என்பது நாய்க்கு மட்டுமன்றிப் பூனைக்கும் பொருந்தும். பூனைக்கடியைப் பற்றி நாளை விரிவாக எழுதி அடுத்த சுற்றறிக்கைக்கு அனுப்பவிருக்கிறேன்.

ஊசியறை:
பூனைக்கும் அதே 0, 3, 7 என்பதைச் சேர்த்து எழுதுங்கள். மொட்டைமாடிக்கு வரும் குரங்குக்கு 10 நாள் கணக்கே கிடையாது என்பதையும் எழுதுங்கள்.

ஓய்வுபெற்றவன்:
குரங்கைப் பற்றி இங்கே யார் கேட்டார்கள்?