ஒரே பெஞ்ச்மார்க்: தருமபுரியில் ஒரு கணக்கு, கிருஷ்ணகிரியில் வேறு கணக்கு. உதவி தேவை

தகடூரான்:
வணக்கம். தருமபுரியில் நாங்களும் கிருஷ்ணகிரியில் இன்னொரு கல்லூரிக் குழுவும் சேர்ந்து ஒரு ஆய்வு செய்கிறோம். மாங்கூழ் ஆலையில் கொள்முதல் பில் போடுவது போல டேட்டாபேஸில் லோடு ஏற்றி, நடுவில் அதை விழ வைத்து, எவ்வளவு நேரத்தில் எழுகிறது, பில் எதுவும் தொலைகிறதா என்று அளக்கிறோம். இரண்டு இடத்திலும் ஒரே மாடல் மெஷின், உபுண்டு, போஸ்ட்கிரெஸ் 16 டேட்டாபேஸ், அதற்கு லோடு கொடுக்கும் ஒரே பிஜிபெஞ்ச் ஸ்கிரிப்ட்.

எங்களிடம் சில விநாடியில் எழுந்துவிடுகிறது, ஒரு பில்கூடப் போகவில்லை. அவர்களிடம் ஒரு தடவை ஒரு நிமிடம், அடுத்த தடவை நான்கு நிமிடம். கமிட் ஆனதாக, அதாவது நிலையாகப் பதிவானதாக, கிளையண்ட் லாகில் இருக்கும் பில்கள் சில டேபிளில் இல்லவே இல்லை. கைடு ஐயா சராசரி போட்டு எழுதச் சொல்கிறார். போடலாமா?

சிப்காட்_ஷிஃப்ட்:
சராசரி வேண்டாம் தம்பி. ரெண்டு பேரும் எப்படி விழ வைக்கிறீங்க?

தகடூரான்:
நாங்கள் போஸ்ட்கிரெஸை உடனே சாகடிக்கும் கில் மைனஸ் 9 கமாண்ட் கொடுக்கிறோம் அண்ணா. அவர்கள் ப்ளக்கைப் பிடுங்குகிறார்கள். 'சர்வர் திடீரென நிற்க வேண்டும்' என்றுதான் திட்டத்தில் இருக்கிறது.

சிப்காட்_ஷிஃப்ட்:
அங்கதான் இடிக்குது. ரெண்டும் வேற வேற கோளாறு. கில் பண்ணினா போஸ்ட்கிரெஸ் மட்டும்தான் சாகும், லினக்ஸ் உயிரோட இருக்கும். லினக்ஸோட மையமான கெர்னல் கையில கொடுத்ததை அது பொறுமையா டிஸ்க்ல எழுதிடும். ப்ளக்கைப் பிடுங்கினா மெமரில இருந்ததும் போச்சு, டிஸ்க் தன் கேஷ்ல வெச்சிருந்ததும் போச்சு. எழுதாமலே எழுதிட்டேன்னு சொல்ற டிஸ்க் இருக்கு. பில் தொலையறதுக்கு என் முதல் சந்தேகம் அது மேலதான்.

டிஸ்க் செட்டிங்கை மாத்தற ஹெச்டிபார்ம் கமாண்ட்ல அந்த கேஷை (ரைட் கேஷ்) நிறுத்திட்டு மறுபடி பிடுங்கச் சொல்லுங்க. அதுக்கு முன்னாடி டிஸ்க்ல எழுதின பிறகுதான் கமிட் சொல்லணும்னு போஸ்ட்கிரெஸைக் கட்டுப்படுத்தற எஃப்சிங்க், சின்க்ரனஸ் கமிட் ரெண்டு செட்டிங்கும் ஆன்ல இருக்கான்னு பாருங்க. வாய்வார்த்தையா கேக்காதீங்க, ஷோ கமாண்ட் அவுட்புட்டை வாங்குங்க. செட்டிங்கைத் தொடவே இல்லைன்னு எல்லாரும்தான் சொல்லுவாங்க.

காவேரிப்பட்டணம்_செல்வி:
நேர வித்தியாசத்துக்கு செக்பாயிண்ட்டைப் பாருங்கள், அதாவது மெமரியில் இருக்கும் மாற்றங்களை போஸ்ட்கிரெஸ் டேட்டா ஃபைலில் எழுதி முடிக்கும் வேலை. விழுந்து எழும்போது, கடைசியாக முடிந்த செக்பாயிண்ட் *தொடங்கிய* இடத்திலிருந்து, மாற்றங்களைக் குறித்து வைத்திருக்கும் லாகை போஸ்ட்கிரெஸ் மறுபடி ஓட்டும். டீஃபால்ட்டில் 5 நிமிடத்துக்கு ஒரு செக்பாயிண்ட். அந்த வேலையையும் இடைவெளியில் 90 சதவீதத்துக்குப் பரப்பிச் செய்கிறது, அதாவது நாலரை நிமிடம். அடுத்தது முடிகிற தறுவாயில் விழுந்தால் ஒன்பது நிமிடத்துக்கு மேற்பட்ட லாக் பாக்கி நிற்கும். முடிந்ததும் விழுந்தால் அதில் பாதிதான். லோடு அதிகமானால் அந்த லாக் தன் டீஃபால்ட் 1 ஜிபி வரம்பை நெருங்கி முன்கூட்டியே செக்பாயிண்ட் ஓடும், அப்போது இந்தக் கணக்கும் மாறும்.

உங்கள் ஸ்கிரிப்ட் ஆரம்பத்தில் செக்பாயிண்ட் கமாண்ட் கொடுக்கிறதா?

தகடூரான்:
ஆமாம் அக்கா. கொடுத்து இரண்டு நிமிடத்தில் கில்.

காவேரிப்பட்டணம்_செல்வி:
அதனால்தான் உங்கள் சர்வர் துள்ளி எழுகிறது! அவர்கள் நேரத்தை எங்கிருந்து எண்ணுகிறார்கள் என்றும் கேளுங்கள். பவர் போட்டதிலிருந்தா? அப்படியென்றால் பூட் ஆகிற நேரமும் சேர்ந்துவிடும். ரீடூ, அதாவது அந்த மறுஓட்டம், தொடங்கிய வரி, முடிந்த வரி இரண்டும் போஸ்ட்கிரெஸ் எழுதும் செய்தி லாகிலேயே இருக்கும், தனியாகப் பிரித்துவிடலாம்.

ஐயாவிடம் காட்ட ஒரு முன்னுதாரணம் வேண்டுமென்றால் டிபெஞ்ச், கோளாறு வந்தால் சிஸ்டம் எப்படித் தாங்குகிறது என்று அளக்கும் பெஞ்ச்மார்க் திட்டம். ஐரோப்பிய யூனியன் நிதியில் 2001-ல் தொடங்கியது. துலூஸ், கோயிம்ப்ரா, சால்மர்ஸ், எர்லாங்கன், வலென்சியா என்று பல ஊர் ஆய்வகங்கள் சேர்ந்து செய்தார்கள். அதில் வந்த டிபெஞ்ச்-ஓஎல்டிபி, டிபிசி-சி என்ற ஆர்டர் பரிவர்த்தனை பெஞ்ச்மார்க்கின் லோடை எடுத்துக்கொண்டு அதன் மேல் கோளாறுப் பட்டியல் ஒன்றைச் சேர்த்தது. எந்தக் கோளாறு, ஓட்டத்தில் எந்த நேரத்தில் என்பதெல்லாம் பெஞ்ச்மார்க்கின் பகுதி. செய்பவர் இஷ்டத்துக்கு விடவில்லை. சர்வர் எவ்வளவு நேரம் கிடைத்தது என்பதையும் கிளையண்ட்டுக்கு எவ்வளவு நேரம் கிடைத்தது என்பதையும் தனித்தனியாகத்தான் போட்டார்கள்.

சிப்காட்_ஷிஃப்ட்:
அங்க அஞ்சு ஊரு, இங்க ரெண்டு ஊருக்கே இந்தப் பாடு.

மாங்கனி_லேப்:
கிருஷ்ணகிரிக் குழு நான்தான். எஃப்சிங்க், சின்க்ரனஸ் கமிட் இரண்டும் ஆன், அவுட்புட்டைத் தகடூரானுக்கு அனுப்பிவிட்டேன். ரைட் கேஷை நிறுத்திவிட்டுப் பிடுங்கிப் பார்த்தோம். பில் தொலைவது நின்றுவிட்டது. ஆனால் வேகம் பாதிக்கும் கீழே வந்துவிட்டது. நேரம் பவர் பட்டனிலிருந்துதான் எண்ணினோம். பிடுங்குவது கையால்தான், செக்பாயிண்ட்டைப் பார்த்துப் பிடுங்கியதில்லை.

தகடூரான்:
அப்படியென்றால் கில், ப்ளக் இரண்டையும் இரண்டு ஊரிலும் செய்கிறோம். செக்பாயிண்ட் கொடுத்து 2, 5, 9-ஆம் நிமிடங்களில் விழ வைக்கலாம் என்று பேசியிருக்கிறோம். வேகம் குறைந்ததையும் கட்டுரையில் போட வேண்டுமா? ஐயா அதைக் கேட்டால் முகம் சுளிப்பார்.

காவேரிப்பட்டணம்_செல்வி:
கட்டாயம் போடுங்கள். கேஷ் ஆன் ஒரு வரிசை, ஆஃப் ஒரு வரிசை. ஒவ்வொன்றிலும் வேகமும் தொலைந்த பில்லும் பக்கத்தில் பக்கத்தில். ஆலைக்காரர் அந்த டேபிளைத்தான் முதலில் பார்ப்பார்.