சார்ஜருக்கு மின்னேற்றி சரி, சுவத்துப் பெட்டிக்கு என்ன பேரு?

எல்லாருக்கும் வணக்கமுங்க,

"மின்னேற்றின்னு நல்ல சொல் ஏற்கெனவே இருக்கே, அப்புறம் எதுக்கு இத்தனை மடல்"னு எலக்ட்ரிக் வண்டிச் சாமானுக்குத் தமிழ்ப் பேர் தேடற நம்ம மடல்கள்ல போன வாரம் ஒரு அய்யா கேட்டிருந்தாங்க. சொல் இருக்கு, ஒத்துக்கறேன். அதை எந்தப் பொருளுக்கு வைக்கறோம்ங்கறதுலதான் சிக்கல், அந்தச் சிக்கல்ல மாட்டி ஒருத்தர் தேவையில்லாம ஒரு பெட்டியே வாங்கிட்டாரு, அதை முதல்ல சொல்லிடறேன்.

நான் குன்னூர்ல ஆட்டோ எலக்ட்ரிக்கல் வேலை பாக்கறவன். அருவங்காடு பக்கத்துல இருந்து ஒருத்தர் எலக்ட்ரிக் கார் கொண்டுவந்தார், "வண்டி நல்லா ஓடுதுண்ணா, சார்ஜ்தான் ஏறமாட்டேங்குது"ன்னார். வீட்டுச் சுவத்துல மாட்டியிருக்கற பெட்டியைத்தான் அவர் சார்ஜர்னு நெனச்சிருக்கார், ஊரே அப்படித்தான் நெனைக்குது. யாரோ "சார்ஜர் போயிடுச்சு"ன்னு சொல்ல, இவர் அந்தப் பெட்டியைக் கழட்டிப் புதுசு மாட்ட, அப்பவும் ஏறலை. ஆனா மேட்டுப்பாளையம் இறங்கி ஃபாஸ்ட் சார்ஜர்ல போட்டா ஜம்முனு ஏறுது. (பர்லியார் வழியா அந்த 14 கொண்டை ஊசி வளைவு இறங்கறப்ப வண்டி பேட்டரிக்குக் கொஞ்சம் திருப்பிக் கொடுக்கும், ஏறறப்ப வட்டியோட வாங்கிக்கும், அது தனிக் கதை.)

சுவத்துப் பெட்டி சார்ஜரே கிடையாதுங்க. 230 வோல்ட் ஏசி உள்ள வருது, அதே ஏசி வெளிய போகுது. நடுவுல ஒரு ரிலே (தானா மூடித் தெறக்கற சுவிட்ச்), கரண்ட் கசிவு பாக்கற ஒரு சர்க்யூட், வண்டியோட பேசறதுக்கு மெல்லிசா ஒரு வயர். அந்த வயர்ல 12 வோல்ட் நிக்கும், பிளக்கைச் சொருகினா 9க்கு இறங்கும், வண்டி ரெடின்னா 6க்கு வரும், உடனே ரிலே 'டக்'குனு விழும், ஏசி வண்டிக்குப் போகும், அதோட பெட்டி வேலை முடிஞ்சுது. ஏசியை டிசியாக்கி பேட்டரிக்குள்ள ஏத்தற நெஜ சார்ஜர் வண்டிக்குள்ள உக்காந்திருக்கு. ஃபாஸ்ட் சார்ஜர்ல அந்த மாத்தற வேலை வெளியவே முடிஞ்சு டிசி நேரா பேட்டரிக்குப் போயிடும், உள்ள இருக்கற சார்ஜர் பக்கமே போறதில்ல. அப்ப அங்க ஏறுது, வீட்ல புதுப் பெட்டி மாட்டியும் ஏறலைன்னா கை வைக்க வேண்டிய எடம் எதுன்னு தெரிஞ்சுபோச்சு.

பெரிய பேட்டரியோட இணைப்பை வெட்டற சர்வீஸ் பிளக்கை உருவி, 12 வோல்ட் பேட்டரியையும் கழட்டிட்டு, மேனுவல்ல போட்டிருக்கற நேரம் சும்மா உக்காந்திருந்தேன், கரண்டைத் தேக்கி வச்சிருக்கற கெப்பாசிட்டர் வடியணும், 300 வோல்ட்டுக்கு மேல நிக்கற எடத்துல அவசரப்பட்டா ஆளே இருக்கமாட்டோம். அப்புறம் 1000 வோல்ட் கையுறை போட்டு, மீட்டர்ல சைபர் பாத்துட்டுத்தான் ஜங்ஷன் பாக்ஸ் உள்ள போனேன். சார்ஜர் லைன் பீஸை (ஃபியூஸை) தனியாக் கழட்டி மீட்டர் வச்சா சத்தமே இல்லை, உள்ள அறுந்துபோச்சு. வெளிய ஒரு பொட்டுக் கருப்பு கிடையாது, வெள்ளைப் பீங்கான் குழாய் கடையில இருந்து வந்த மாதிரி பளபளன்னு இருக்கு. பீஸ் அறுந்தா உள்ள பொறி கெளம்பும், ஏசி நொடிக்கு 100 தடவை சைபரைத் தொடறதால அது அணைய வழி இருக்கு, டிசிக்கு அந்த மூச்சு விடற நேரமே இல்லை, அதனாலதான் இந்த பீஸுக்குள்ள மணல் ரொப்பி வச்சிருக்காங்க, பொறியை அது அமுக்கிடும். புது பீஸ் போட்டு அனுப்பிடலாம்னு கை அரிச்சுது. ஆனா சார்ஜர் அவுட்புட்டை மீட்டர் வயரை மாத்தி மாத்தி வச்சு அளந்தா ரெண்டு பக்கமும் ஷார்ட், அதாவது சார்ஜரே உள்ள போயிடுச்சு. சார்ஜரை மாத்தாம பீஸை மட்டும் போட்டிருந்தா அதுவும் போன வழியே போயிருக்கும்.

சரி, சொல்லுக்கு வர்றேன். பீஸுக்கு 'உருகி' போதும், இலங்கைலயும் அதைத்தான் எழுதறாங்க. பேச்சுல பீஸ் எங்கயும் போகப்போறதில்ல, பில் கட்டலைன்னா பீஸைப் புடுங்கிட்டுப் போயிட்டாங்கன்னுதான் சொல்லுவோம். 'உருகி உருகிடுச்சு'ன்னா காதல் பாட்டு மாதிரி இருக்குன்னு ஒருத்தர் கிண்டல் பண்ணியிருந்தார், 'உருகி அறுந்துடுச்சு'ன்னு எழுதினா வம்பில்ல.

மின்னேற்றிங்கற பேர் ஏசியை டிசியாக்கி ஏத்தறதுக்கு மட்டும்தான். வண்டிக்குள்ள இருக்கறது உள்மின்னேற்றி, ஃபாஸ்ட் சார்ஜர் வெளிமின்னேற்றி. ஒரு தங்கச்சி 'மின்னூட்டி' சொல்லியிருந்தாங்க, காதுக்கு நல்லாத்தான் இருக்கு, ஆனா பாடப்புத்தகத்துல மின்னூட்டம்னா கூலும்ல அளக்கற சமாச்சாரம், புள்ளைங்க கொழம்பும். அதுவும் போக, 1932ல பைக்காரா பவர்ஹவுஸ் ஓட ஆரம்பிச்சதுல இருந்து எங்க மலைதான் மின்னூட்டி, அந்தப் பேரை ஒரு பெட்டிக்கு எப்படி விட்டுக்கொடுக்கறது?

சுவத்துப் பெட்டிக்கு வந்ததுல 'மின்வழங்கி' வேண்டாம்ங்க, வழங்கின்னாலே சர்வர்தான்னு கம்ப்யூட்டர்காரங்க சண்டைக்கு வந்துடுவாங்க. மேட்டுப்பாளையத்துல வாழைத்தோட்டம் வச்சிருக்கற அண்ணா ஒத்தை வரியில போட்ட 'மின்மடை'தான் எனக்குப் புடிச்சுது. வாய்க்கால்ல வர்ற தண்ணியை மடை வேற எதாவும் ஆக்கறதில்ல, தெறந்துவிடும், அடைக்கும். பெட்டி செய்யறதும் அதையேதான், அந்த 'டக்' சத்தம்தான் மடை தெறக்கற சத்தம். மலையில மடை ஏது, கேரட்டுக்கு ஸ்பிரிங்ளர்தானேன்னு கேக்கலாம். மடை தெறந்த மாதிரி பேசறான்னு இங்கயும்தான் சொல்றோம்.

வண்டியை எடுத்துட்டுப் போறப்ப அவர்கிட்ட இந்த ரெண்டு சொல்லையும் வச்சுத்தான் வெளக்கினேன், சோதனைக்கு. நேத்து அவரோட மச்சான் கூப்பிட்டார், அவர்கிட்டயும் ஒரு எலக்ட்ரிக் வண்டி இருக்கு. "அண்ணா, மடையில பச்சை லைட் எரியுது, டக்குனும் விழுது, ஏத்திதான் மக்கர் பண்ணுது போல"ன்னார். 'மின்'னை ரெண்டுலயும் கழட்டிப் போட்டுட்டாங்க. வண்டியை எடுத்துட்டு வாங்கன்னு சொல்லியிருக்கேன்.