லக்கோட்டா வழிபாடும் கிறித்தவ ஊழியமும்: சமூகத்தின் காயம் ஆற இரண்டும் சேர்ந்து நடக்க முடியுமா?

கேள்வி: நெய்தல்வாசி

அனைவருக்கும் வணக்கம். அமெரிக்காவின் தென் டகோட்டா மாநிலத்தில், ராப்பிட் சிட்டி நகரில் குடும்பத்துடன் வசித்து வருகிறேன். என்னுடன் பணிபுரியும், லக்கோட்டா என்னும் பூர்வகுடி இனத்தைச் சேர்ந்த நண்பர் ஒருவரின் தாயார் காலமானபோது, பைன் ரிட்ஜ் ஒதுக்கிடத்தில் (பூர்வகுடி மக்களுக்கென அரசு ஒதுக்கிய நிலப்பகுதியில்) நடந்த அடக்கத் திருப்பலியில் கலந்துகொண்டேன். உறவினர்கள் இரண்டு இரவுகள் உடலுக்கு அருகிலேயே விழித்திருந்தார்கள். சவப்பெட்டியின் மேல் பெரிய விண்மீன் வடிவம் தைத்த போர்வை விரிக்கப்பட்டிருந்தது. திருப்பலி தொடங்கும் முன் ஊர்ப் பெரியவர் ஒருவர் சேஜ் என்னும் நறுமணச் செடியின் காய்ந்த இலைகளைச் சிறு கிண்ணத்தில் கொளுத்தி, எழுந்த புகையைக் கழுகு இறகால் பெட்டியின் மேலும் கூடியிருந்தவர்கள் மேலும் வீசி, நான்கு திசைகளையும் நோக்கி லக்கோட்டா மொழியில் பாடினார். அருட்தந்தை தலை தாழ்த்தி நின்றிருந்தார். பெரியவர் பாடி முடித்த பிறகே அவர் சிலுவை அடையாளம் வரைந்து திருப்பலியைத் தொடங்கினார்.

எங்கள் பங்கின் செபக்குழு, ஒதுக்கிட மக்களுக்காகக் குணமளிக்கும் ஊழியம் ஒன்றைத் தொடங்க விரும்புகிறது. லக்கோட்டா மன்றாட்டுகளையும் சடங்குகளையும் அதில் சேர்க்க வேண்டும் என்று சிலரும், அது விசுவாசத்துக்கு முரணானது என்று சிலரும் வாதிடுகிறார்கள். என்னை உறுத்துவது வேறொரு கேள்வி. ஒரு காலத்தில் திருச்சபையின் துணையோடு தடை செய்யப்பட்ட வழிபாட்டை இன்று அதே திருச்சபை தன் பீடத்துக்குக் கொண்டுவருவது நீதியா, அல்லது மீந்திருப்பதையும் எடுத்துக்கொள்வதா? இவ்வரலாற்றை ஆழ்ந்து படித்தவர்கள் விளக்கினால் நன்றியுடையவனாக இருப்பேன்.

மறுமொழி 1: பொருநைக்கரை

வணக்கம் ஐயா. திருச்சபை அந்த மண்ணுக்குள் எப்படி நுழைந்தது என்பதிலிருந்து தொடங்குவதே முறையாகும். அதிபர் கிராண்ட் 1869இல் தொடங்கிய சமாதானக் கொள்கை, ஒதுக்கிடங்களைக் கிறித்தவ சபைகளுக்குப் பங்கிட்டுக் கொடுத்தது. அதன்படி லக்கோட்டா மக்களுள் பெரும்பகுதியினர், ஆங்கிலிக்க மரபைச் சேர்ந்த எபிஸ்கோப்பல் சபையின் பொறுப்பில் விடப்பட்டனர். ரெட் கிளவுட், ஸ்பாட்டட் டெயில் ஆகிய தலைவர்களோ கறுப்பு அங்கி அணிந்த இயேசு சபையினர் வர வேண்டும் என்று கேட்டிருந்தார்கள். ரோஸ்பட் ஒதுக்கிடத்தில் 1886இலும் பைன் ரிட்ஜில் 1888இலும் கத்தோலிக்க மறைப்பணி நிலையங்கள் நிறுவப்பட்டன. இதற்கிடையே, 1883இல் வெளியிடப்பட்ட அரசு விதிகள், நோன்பிருந்து ஆடி மன்றாடும் முதன்மைச் சடங்கான சூரிய நடனத்தையும் வழிபாட்டுப் பெரியவர்களின் மருத்துவச் சடங்குகளையும் குற்றங்களாக அறிவித்திருந்தன. மீறியவர்களுக்கு உணவுப் பங்கீடு நிறுத்தப்பட்டது, சிறையும் விதிக்கப்பட்டது. காட்டெருமைகள் அழிக்கப்பட்டு அரசு தரும் மாவையும் இறைச்சியையும் நம்பி வாழ்ந்த மக்களுக்குப் பங்கீட்டை நிறுத்துவது என்ன பொருள்படும் என்பதை விளக்க வேண்டியதில்லை. 1934இல் இத்தடை தளர்த்தப்பட்டது என்றாலும், பூர்வகுடிகளின் சமய உரிமையைக் காப்பதற்கென்று தனிச் சட்டம் 1978இல்தான் வந்தது.

இந்த நெருக்கடிக்குள் வாழ்ந்தவர் நிக்கோலஸ் பிளாக் எல்க். உங்கள் கேள்விக்கு அவர் வாழ்க்கையைவிடத் தெளிவான சான்றை நான் அறியேன். ஒன்பது வயதில் பெருங்காட்சி ஒன்றைக் கண்டவர். 1876இல், அமெரிக்கப் படையை லக்கோட்டா மக்களும் அவர்களுடைய கூட்டாளிகளும் வென்ற லிட்டில் பிக்ஹார்ன் போர்க்களத்தில் சிறுவனாக நின்றவர். 1890 டிசம்பர் 29 அன்று பைன் ரிட்ஜிலுள்ள வூண்டட் நீயில், 250க்கும் மேற்பட்ட லக்கோட்டா மக்கள் அமெரிக்க ஏழாம் குதிரைப்படையினரால் கொல்லப்பட்ட கொடுமைக்குச் சாட்சியானவர். அதன் பிறகும் பல ஆண்டுகள் குணமளிக்கும் பெரியவராகப் பணியாற்றிய அவர், 1904 டிசம்பர் 6 அன்று, புனித நிக்கோலஸ் திருநாளில், திருமுழுக்குப் பெற்று உபதேசியாரானார். இரு பாதைகளை வரைந்த நீண்ட படச்சுருள் ஒன்றை விரித்து வைத்துக்கொண்டு, ஊர் ஊராகச் சென்று லக்கோட்டா மொழியிலேயே மறைக்கல்வி கற்பித்தார்.

1931இல் கவிஞர் ஜான் நைஹார்ட் அவரிடம் கேட்டு எழுதி, மறு ஆண்டில் வெளிவந்த நூல், அவருடைய கதையை 1890உடன் முடித்துவிட்டு, உபதேசியாராக வாழ்ந்த பகுதியை விட்டுவிட்டது. இதனால் அவரை உடைந்துபோன பழங்குடி ஞானியாக மட்டும் காணும் வாசகர்களும், பழையதைத் துறந்த கத்தோலிக்கராக மட்டும் காணும் வாசகர்களும் உருவாகிவிட்டார்கள். 1934இல் அவர் தம் கத்தோலிக்க விசுவாசத்தை உறுதிப்படுத்தி அறிக்கை அளித்தார் என்பதும், அதே பத்தாண்டில் சுற்றுலாப் பயணிகள்முன் லக்கோட்டா சடங்குகளை நிகழ்த்திக் காட்டினார் என்பதும், முதுமையில், மன்றாட்டின்போது ஏந்திப் புகைக்கும் புனிதப் புகைக்குழலின் ஏழு சடங்குகளையும் விரிவாக எடுத்துரைத்துப் பதிவு செய்யவைத்தார் என்பதும் ஒருங்கே உண்மை. அவர் 1950இல் மறைந்தார். ராப்பிட் சிட்டி மறைமாவட்டம் 2017இல் அவருக்குப் புனிதர் பட்டம் வழங்குவதற்கான பணியைத் தொடங்கியுள்ளது. இரு மரபுகளையும் கலந்து புதிதாக ஒன்றை உண்டாக்கியவராக அவர் எனக்குத் தோன்றவில்லை. இரண்டையும் தம் ஒரே உடலில், ஒரே வாழ்நாளில் சுமந்தவராகவே தோன்றுகிறார்.

குருக்களிடையிலும் இதில் ஒருமித்த கருத்து இருந்ததில்லை. பைன் ரிட்ஜில் பணியாற்றிய பால் ஸ்டைன்மெட்ஸ் என்ற இயேசு சபைக் குரு, புகைக்குழலைக் கிறிஸ்துவின் முன்னடையாளமாகக் கண்டு, அதைக் கிறித்தவ வழிபாட்டுக்குள்ளேயே பயன்படுத்தினார். ரோஸ்பட்டில் 1973 முதல் 1978 வரை வழிபாட்டுப் பெரியவர்களும் குருக்களும் தொடர்ந்து கூடிப் பேசிய கூட்டங்களில் பங்கேற்ற வில்லியம் ஸ்டோல்ஸ்மன் வேறு முடிவுக்கு வந்தார். ஒருவர் இரு வழிகளிலும் நேர்மையாக நடக்கலாம், ஆனால் ஒன்றின் சடங்கை மற்றொன்றுக்குள் நுழைத்துக் குழப்பக்கூடாது என்பது அவர் நிலை. நீங்கள் கண்ட அடக்கத் திருப்பலியில் பெரியவர் பாடி முடிக்கும்வரை அருட்தந்தை காத்திருந்தது இவ்விரண்டாம் நிலைக்கு நெருக்கமானது என்பேன்.

மறுமொழி 2: முல்லைநிலம்

மேலே எழுதியவரின் வரலாற்றுச் செய்திகளை ஏற்கிறேன். ஆயினும் இவ்விவாதம் குருக்கள் எதை அனுமதிக்கலாம் என்பதிலேயே நிற்கிறது. லக்கோட்டா மக்கள் எதை அனுமதிக்கிறார்கள் என்பதே முதற்கேள்வியாக இருக்க வேண்டும்.

1993இல் லக்கோட்டா மக்களும் அவர்களுடைய உறவினங்களான டகோட்டா, நக்கோட்டா மக்களும் அனுப்பிய பிரதிநிதிகள் கூடி, தங்கள் ஆன்மிகத்தைச் சுரண்டுவோர்மீது போர் அறிவிக்கும் பிரகடனத்தை ஏகமனதாக நிறைவேற்றினார்கள். சூடான கற்களின் ஆவியில் அமர்ந்து மன்றாடும் வியர்வைக் குடிலும், தனிமையில் காட்சி தேடும் நோன்பும் வார இறுதிப் பயிற்சி வகுப்புகளாக விற்கப்பட்ட காலம் அது. 2003இல், வெள்ளைக் காட்டெருமைக் கன்றுப் பெண் அளித்ததாகப் போற்றப்படும் புகைக்குழலின் பத்தொன்பதாம் தலைமுறைக் காவலரான ஆர்வல் லுக்கிங் ஹார்ஸ், சூரிய நடனத்தின் புனித வட்டத்துக்குள் பூர்வகுடி மக்கள் மட்டுமே இருக்க வேண்டும் என்று அறிவித்தார். லக்கோட்டா பெரியவர்கள் சிலர் அதற்கு உடன்படவில்லை. அந்த விவாதம் அவர்களுக்குள் நடக்க வேண்டியது. வெளியில் இருக்கும் நாம் நமக்கு வசதியான தரப்பைத் தேர்ந்தெடுத்துக்கொண்டு அனுமதி கிடைத்துவிட்டது என்று சொல்ல இயலாது.

வைன் டெலோரியா ஜூனியர், ஸ்டாண்டிங் ராக் என்னும் மற்றோர் ஒதுக்கிடத்தின் மக்களைச் சேர்ந்தவர். அவருடைய தந்தையும் பாட்டனாரும் எபிஸ்கோப்பல் குருக்கள். அவரும் இறையியல் கல்லூரியில் பயின்றவர். கிறித்தவத்தை உள்ளிருந்து அறிந்த அந்த அறிஞர், பூர்வகுடிச் சமயங்கள் குறிப்பிட்ட மலையோடும் ஆற்றோடும் பிணைந்தவை என்றும், காலத்தையும் வரலாற்றையும் மையமாகக் கொண்ட கிறித்தவம் அந்தப் பிணைப்பைக் காணத் தவறுகிறது என்றும் வாதிட்டார். இதை ஏற்றால், பிளாக் ஹில்ஸ் மலைகளை மீட்பதைப் பற்றி வாய் திறக்காமல் சேஜ் புகையை மட்டும் ஆலயத்துக்குள் கொண்டுவருவது எவ்வளவு வெறுமையானது என்பது விளங்கும். 1868 ஒப்பந்தத்தின்படி லக்கோட்டா மக்களுக்குரிய அம்மலைகள் முறைகேடாகப் பறிக்கப்பட்டன என்று அமெரிக்க உச்ச நீதிமன்றமே 1980இல் தீர்ப்பளித்து, பத்துக் கோடி டாலருக்கும் மேற்பட்ட இழப்பீட்டை உறுதி செய்தது. வறுமையில் உழலும் அம்மக்கள் இன்றுவரை அத்தொகையைத் தொடவில்லை, நிலத்தையே கேட்கிறார்கள்.

மற்றொன்றையும் சொல்ல வேண்டும். தலைமுறைகளாகக் கத்தோலிக்கராகவும் எபிஸ்கோப்பல் சபையினராகவும் வாழும் லக்கோட்டா குடும்பங்களிலும் சிலர் இக்கலப்பை விரும்புவதில்லை. தாத்தா பாட்டி பாடிய டகோட்டா மொழிப் பாமாலைகளே அவர்களுடைய சொந்த மரபு. ‘நீங்கள் உண்மையான பூர்வகுடியாக இருக்க வேண்டுமானால் புகைக்குழலை ஏந்துங்கள்’ என்று வெளியார் அவர்களுக்குக் கற்பிக்கத் தொடங்கினால் அதுவும் ஆதிக்கம்தான்.

மறுமொழி 3: வடதிசை

முல்லைநிலம் அவர்களின் கண்டிப்பு தேவையானதே. ஆனால் அதைக் காரணம் காட்டித் திருச்சபை ஒதுங்கிக்கொண்டால், தான் செய்த தீங்கிலிருந்து கைகழுவியதாகிவிடும்.

எதை ஆற்றப் புறப்படுகிறோம் என்பதை நெருங்கிப் பார்க்க வேண்டும். லக்கோட்டா மரபின் ஏழு சடங்குகளுள் ஒன்று, இறந்தவரின் ஆன்மாவைக் காத்து வைத்தல். இறந்தவரின் தலைமுடிக் கற்றை ஒன்றைத் தூய்மைப்படுத்திப் பொதியாகக் கட்டி, குடும்பத்தினர் வீட்டில் தனியிடம் தந்து ஓராண்டளவு பேணுவார்கள். அதைக் காக்கும் குடும்பம் சண்டையோ கடுஞ்சொல்லோ இன்றி வாழ வேண்டும். காலம் நிறைந்ததும் ஊரைக் கூட்டி விருந்திட்டு, பொருள்களை வாரி வழங்கி, ஆன்மாவை விடுவிப்பார்கள். 1890இல் அரசு இச்சடங்கைத் தடை செய்து, காக்கப்பட்டு வந்த ஆன்மாக்கள் யாவும் குறிப்பிட்ட ஒரே நாளில் விடுவிக்கப்பட வேண்டும் என்று ஆணையிட்டது. அதே ஆண்டு டிசம்பரில் வூண்டட் நீ படுகொலை நிகழ்ந்தது. இவ்வாறு அந்த மக்கள், பெருந்துக்கம் நேர்ந்த வேளையில் துக்கம் காக்கும் வழி பறிக்கப்பட்டவர்களாக நின்றார்கள். படுகொலையில் காயமுற்றவர்கள் பைன் ரிட்ஜின் எபிஸ்கோப்பல் ஆலயத்தில், கிறிஸ்துமஸ் அலங்காரங்கள் கழற்றப்படாத கூடத்தில் வைக்கோல்மீது கிடத்தப்பட்டதையும், டகோட்டா மருத்துவர் சார்லஸ் ஈஸ்ட்மன் அங்கே அவர்களுக்குச் சிகிச்சை அளித்ததையும் நினைக்கும்போதெல்லாம் நெஞ்சு கனக்கிறது.

லக்கோட்டா சமூகப்பணி அறிஞரான மரியா யெல்லோ ஹார்ஸ் பிரேவ் ஹார்ட் இதைத்தான் வரலாற்றுப் பேரதிர்ச்சி என்று ஆராய்ந்தார். துக்கம் காக்க விடாமல் தடுக்கப்பட்ட தலைமுறையின் வலி, குடும்பத்திலிருந்தும் மொழியிலிருந்தும் பிரித்து உறைவிடப் பள்ளிகளுக்கு அனுப்பப்பட்ட பிள்ளைகளின் வலியோடு சேர்ந்து, குடிப்பழக்கமாகவும் தற்கொலையாகவும் பின்வந்தோரிடம் வெளிப்படுகிறது என்றும், அவரவர் சடங்குகளின் வழியே கூட்டாகத் துக்கம் காப்பது குணமடைதலின் பகுதி என்றும் அவர் கூறுகிறார். 1986 முதல் 1990 வரை ஆண்டுதோறும் கடுங்குளிரில் குதிரைமேல் சென்று, வூண்டட் நீயில் கொல்லப்பட்ட தலைவர் பிக் ஃபுட்டும் அவர் மக்களும் நடந்த கடைசிப் பாதையைக் கடந்தவர்கள், நூறாம் ஆண்டு நிறைவில் கண்ணீர் துடைக்கும் சடங்கை நிகழ்த்தியதும் இந்த நோக்கத்தோடுதான். அச்சடங்கை எந்தச் சபையும் ஏற்பாடு செய்யவில்லை.

அப்படியானால் கிறித்தவ ஊழியத்துக்கு என்ன வேலை? உண்மையை ஒப்புக்கொள்வதும், கையில் இருப்பதைத் திருப்பித் தருவதும்தான். 2016 நவம்பரில் ஸ்டாண்டிங் ராக்கில், எண்ணெய்க் குழாய்த் திட்டத்தை எதிர்த்து மக்கள் முகாமிட்டிருந்தபோது, அங்கு பணியாற்றும் எபிஸ்கோப்பல் குருவின் அழைப்பை ஏற்று 500க்கும் மேற்பட்ட திருச்சபை ஊழியர்கள் திரண்டனர். கிறித்தவர் அல்லாதோரின் நிலங்களைக் கைப்பற்ற உரிமை வழங்கிய பதினைந்தாம் நூற்றாண்டுத் திருத்தந்தை மடல்களை ஆதாரமாகக் கொண்ட கண்டுபிடிப்புக் கோட்பாட்டின் நகல் பெரியவர்கள் முன்னிலையில் எரிக்கப்பட்டது. எபிஸ்கோப்பல் சபை அக்கோட்பாட்டை 2009இலேயே மறுத்திருந்தது; வத்திக்கான் 2023இல் மறுத்தது. ரோஸ்பட்டில் இயேசு சபையினர் தங்கள் பொறுப்பிலிருந்த 500 ஏக்கருக்கும் மேற்பட்ட நிலத்தைப் பழங்குடி அரசிடம் ஒப்படைப்பதாக 2017இல் அறிவித்தனர். 2021இல் ரோஸ்பட் மக்கள், பென்சில்வேனியாவின் கார்லைல் பள்ளியில் இறந்து அங்கேயே புதைக்கப்பட்ட ஒன்பது பிள்ளைகளின் எச்சங்களை வீட்டுக்குக் கொண்டுவந்தபோது, வழியெங்கும் மக்கள் திரண்டு நின்று வரவேற்றார்கள். கார்லைல் அரசுப் பள்ளி. சபைகள் நடத்திய பள்ளிகளின் பதிவேடுகளும் கல்லறைக் குறிப்புகளும் இன்னும் சபைகளின் பெட்டகங்களிலேயே உள்ளன. அவற்றைத் திறந்துவிட எந்தப் புதுச் சடங்கும் தேவையில்லை.

கேள்வியாளரின் தொடர்பதிவு: நெய்தல்வாசி

மூவருக்கும் மனமார்ந்த நன்றி. தவக்காலத் தியானத்தின்போது லக்கோட்டா பெரியவர் ஒருவரை அழைத்து, எங்கள் பங்கு வளாகத்தில் வியர்வைக் குடில் அமைக்கச் சொல்லலாம் என்பது செபக்குழுவின் முதல் திட்டம். அதைக் கைவிடுமாறு கேட்கப்போகிறேன். அதற்கு மாற்றாக எதை முன்வைப்பது என்பதில் உங்கள் கருத்தை வேண்டுகிறேன்.

மறுமொழி 4: முல்லைநிலம்

உங்கள் முடிவு சரியானது ஐயா. நீங்கள் அழைப்பவராக இல்லாமல் அழைக்கப்படுபவராக இருங்கள். ஒதுக்கிடத்தின் பங்குகளில் லக்கோட்டா திருத்தொண்டர்களும் உபதேசியார்களும் ஏற்கெனவே பணியாற்றுகிறார்கள். துக்க வீட்டுக்கு விறகு கொண்டுபோவது, இரவு விழிப்புக்கு வருவோருக்குச் சமைப்பது, முதியவர்களை மருத்துவமனைக்கு அழைத்துச் செல்வது என அவர்கள் கேட்கும் வேலையைச் செய்யுங்கள். அடக்க வீட்டில் சேஜ் புகை உங்கள் பக்கம் வந்தால் மரியாதையுடன் ஏற்றுக்கொள்ளுங்கள். அது விருந்தினருக்கு அவர்கள் தருவது. அதை வீட்டுக்கு எடுத்து வந்து நம் செபக்கூட்டத்தில் நாமே செய்வது வேறு.

உங்கள் மறைமாவட்டத்தின் ஆவணக் காப்பகத்தில் உறைவிடப் பள்ளிப் பதிவேடுகள் இருக்கின்றனவா, குடும்பத்தினர் அவற்றைப் பார்வையிட முடிகிறதா என்று ஆயர் இல்லத்துக்குச் செபக்குழுவின் பெயரில் கடிதம் எழுதுங்கள். பங்கு மக்கள் கையொப்பமிட்டுக் கேட்பதற்குத் தனி வலிமை உண்டு.

ஊழியம் என்ற பெயரில் எதையும் தொடங்கும் முன் பழங்குடி அரசின் அலுவலகத்துக்குச் செல்லுங்கள். 2022 ஜூலையில், லக்கோட்டா மக்கள் தாத்தா என்று அழைத்து மன்றாடும் துங்காஷிலாவை இழித்துரைக்கும் துண்டறிக்கையை வெளியார் ஒருவர் பைன் ரிட்ஜில் வினியோகித்ததையடுத்து, அந்த ஒதுக்கிடத்தை ஆளும் ஒக்லாலா சூ பழங்குடி மன்றம் அவரை வெளியேற்றியதோடு, மறைப்பணிகள் அனைத்தையும் தற்காலிகமாக நிறுத்திவைத்து, அமைப்புகள் தங்களைப் பதிவு செய்துகொள்ள வேண்டும் என்று தீர்மானித்தது. உங்கள் குழுவின் நோக்கம், பணம் வரும் வழி, பிள்ளைகளோடு பழகுவோர் யார் என்பவற்றை எழுத்தில் கொடுத்து, அவர்கள் என்ன சொல்கிறார்கள் என்று கேட்ட பிறகு திட்டத்தை வகுத்துக்கொள்ளுங்கள்.