பேனரா, வேனா?

குழு: நம் ஊர் அரசு மேல்நிலைப் பள்ளி – பெற்றோரும் பழைய மாணவரும்

குழு விதி (தமிழையா எழுதி வைத்தது): காலை வணக்கப் படங்களும் குரல் பதிவுகளும் வேண்டாம். சொல்ல நினைப்பதைத் தமிழில், முழு வாக்கியமாக எழுதுங்கள். பிழை வந்தால் வரட்டும், நான் அதற்காகத்தான் இருக்கிறேன்.

வெள்ளிக்கிழமை

தலைமையாசிரியை, மாலை 5.40
அனைவருக்கும் வணக்கம். நம் பள்ளி ஆண்டு விழாவை அடுத்த வெள்ளிக்கிழமை மாலை நடத்தலாம் என்று எண்ணியிருக்கிறோம். மாணவர் எண்ணிக்கைக்கு ஏற்ப அரசு தந்துள்ள தொகை பந்தலுக்கும் ஒலிபெருக்கிக்கும் பரிசுகளுக்கும் சரியாகிவிடும். இந்த ஆண்டு மேடையில் சிறப்பிக்க வேண்டியவர்கள் சிலர் இருக்கிறார்கள். சென்ற ஆண்டு எட்டாம் வகுப்பில் என்.எம்.எம்.எஸ். என்னும் தேசிய வருவாய்வழி மற்றும் திறன் படிப்புதவித் தொகைத் தேர்வு எழுதியவர்களில் நான்கு பேருக்கு உதவித்தொகை கிடைத்திருக்கிறது. கலைத் திருவிழாவின் களிமண் சிற்பப் போட்டியில் ஒன்பதாம் வகுப்பு மாணவி மாவட்டத்தில் முதலிடம் பெற்று மாநிலப் போட்டி வரை போய் வந்தாள். குடியரசு தினத் தடகளப் போட்டியில் 400 மீட்டர் ஓட்டத்தில் பதினோராம் வகுப்பு மாணவன் குறுவட்ட அளவில் முதலாவதாக வந்தான். சென்ற ஆண்டு பன்னிரண்டாம் வகுப்பு முடித்த நம் மாணவி, அரசுப் பள்ளி மாணவர்களுக்கான 7.5 விழுக்காட்டு ஒதுக்கீட்டில் ராமையன்பட்டி கால்நடை மருத்துவக் கல்லூரியில் சேர்ந்து படிக்கிறாள். பெயர்களை மேடையில்தான் முதலில் சொல்ல வேண்டும் என்று பிள்ளைகள் கேட்டுக்கொண்டதால் இங்கே எழுதவில்லை.

துபாய் அண்ணாச்சி, மாலை 6.15
படிக்கும்போதே நெஞ்சு நிறைந்துவிட்டது, டீச்சர். இந்தப் பிள்ளைகளின் படங்களைப் போட்டு, பேருந்து நிறுத்தத்தில் இருபதுக்குப் பத்து அடியில் ஒரு ஃபிளக்ஸ் பேனர் வைத்துவிடுவோம். சேரன்மகாதேவிக்கும் வீரவநல்லூருக்கும் போகிற ஒவ்வொருவரும் பார்க்க வேண்டும். செலவு முழுவதும் என்னுடையது. யாரும் மறுத்துப் பேச வேண்டாம்.

மேலாண்மைக் குழுத் தலைவி, மாலை 6.50
அண்ணாச்சி, உங்கள் மனசு பெரிது. ஆனாலும் மறுத்துத்தான் பேச வேண்டியிருக்கிறது. ஏழு பேரில் நான்கு பேர் பெண் பிள்ளைகள். அவர்களின் முகத்தைப் பேருந்து நிறுத்தத்தில் தொங்கவிட இரண்டு வீட்டில் சம்மதிக்கவில்லை என்பதை நேற்றே தாய்மார்கள் என்னிடம் சொல்லிவிட்டார்கள். அடுத்து, மேடை ஏறாத ஒரு பிள்ளையைப் பற்றியும் நான் சொல்ல வேண்டும். இரண்டு ஆண்டுகளுக்கு முன்பு என் மூத்த மகளும் இதே என்.எம்.எம்.எஸ். தேர்வில் தேர்வானாள். மாதம் 1000 ரூபாய், ஆண்டுக்கு 12,000, ஒன்பதாம் வகுப்பு தொடங்கிப் பன்னிரண்டாம் வகுப்பு வரை நான்கு ஆண்டுக்கு 48,000 ரூபாய் என்று கணக்குப் போட்டு, பீடி சுற்றுகிற தட்டை மடியில் வைத்துக்கொண்டே அன்றைக்கு அழுதேன். முதல் ஆண்டுப் பணம் அவள் வங்கிக் கணக்கில் வந்தது. இரண்டாம் ஆண்டு வரவில்லை. ஒவ்வோர் ஆண்டும் இணையதளத்தில் புதுப்பிக்க வேண்டும் என்பது எனக்கும் தெரியாது, அவளுக்கும் தெரியாது. விசாரிக்கப் போனபோது கடைசி நாள் கடந்திருந்தது. கைக்கு வர வேண்டிய 12,000 ரூபாய் போனது போனதுதான்.

தமிழையா, இரவு 7.20
தாயே, அந்த ஆண்டு நான் ஊரில் இல்லாமல் போனதை இப்போதும் நினைத்து வருந்துகிறேன். புதியவர்களுக்காக ஒரு செய்தி. பெற்றோரின் ஆண்டு வருமானம் மூன்றரை லட்சம் ரூபாய்க்கு மேல் போகாத, அரசு அல்லது அரசு உதவி பெறும் பள்ளியில் எட்டாம் வகுப்புப் படிக்கிற பிள்ளைகளே இந்தத் தேர்வை எழுதலாம். மனத்திறன் தாளில் 90 கேள்வி, படிப்பறிவுத் தாளில் 90 கேள்வி. படிப்பறிவில் அறிவியல் 35, சமூக அறிவியல் 35, கணக்கு 20. நம் பிள்ளைகள் இடறுவது பாடத்தில் அன்று, மனத்திறன் தாளில்தான். எண் தொடர், கண்ணாடிப் பிம்பம், குறியீட்டு மாற்றம் போன்றவை பாடநூலில் அதிகம் இல்லாததால், யாராவது உட்கார்ந்து பழக்கினால் ஒழிய வராது. சென்ற ஆண்டு தேர்வான நால்வரும், மாலை நேரத்தில் கணக்கு டீச்சர் தம் வீட்டுத் திண்ணையில் நடத்திய வகுப்புக்கு ஒழுங்காக வந்தவர்கள். அந்தத் திண்ணைக்கு யாரும் பேனர் வைக்கவில்லை.

துபாய் அண்ணாச்சி, இரவு 7.45
ஐயா, குத்திக் காட்டுகிறீர்கள், பரவாயில்லை. ஆனால் நான் சொல்வதிலும் நியாயம் உண்டு. காலையில் நம் தெருவில் எத்தனை மஞ்சள் வேன்கள் வந்து பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு போகின்றன என்று எண்ணிப் பாருங்கள். நம் பள்ளியில் படித்தால் என்ன கிடைக்கும் என்பது அந்தப் பெற்றோருக்குத் தெரியாததால்தானே பணத்தைக் கொட்டி வெளியே அனுப்புகிறார்கள்? தனியார் பள்ளிக்காரர் தெருவுக்குத் தெரு படம் போடும்போது நாம் மட்டும் அடக்கம் பேசிக்கொண்டிருந்தால், ஆறாம் வகுப்பில் சேர ஆளிருக்காது.

தலைமையாசிரியை, இரவு 8.05
அண்ணாச்சி சொல்வதை நான் தள்ளிவிட மாட்டேன். மாணவர் சேர்க்கைக்காக மார்ச் மாதம் வீடு வீடாகப் போகிறபோது, “உங்கள் பள்ளியில் யார் முன்னுக்கு வந்திருக்கிறார்கள்?” என்பதுதான் முதல் கேள்வியாக வருகிறது.

சனிக்கிழமை

ஐந்தாம் வகுப்பு மாணவனின் தாய், காலை 10.10
ஐயா, டீச்சர், இருவருக்கும் வணக்கம். மாணவர் சேர்க்கை பற்றிப் பேசுவதால் கேட்கிறேன். என் மகனைப் பாளையங்கோட்டையில் பேர்பெற்ற உதவி பெறும் பள்ளி ஒன்றில் ஆறாம் வகுப்பில் சேர்க்கலாம் என்று அவன் அப்பா சொல்கிறார். அங்கே ஒழுக்கம் நன்றாக இருக்கும் என்று எல்லோரும் சொல்கிறார்கள். எனக்கு முடிவெடுக்கத் தெரியவில்லை.

தமிழையா, காலை 10.40
மகளே, பாளையங்கோட்டையைத் தென்னகத்தின் ஆக்ஸ்போர்டு என்று சும்மா சொல்லவில்லை. நானும் அங்கே உதவி பெறும் பள்ளியில்தான் படித்தேன், அந்த நன்றியை மறந்து பேச மாட்டேன். ஆனால் இரண்டுக்கும் உள்ள ஒரு வேறுபாட்டைத் தெரிந்துகொண்டு முடிவெடுங்கள். 2020இல் வந்த சட்டப்படி மருத்துவப் படிப்பிலும், 2021 முதல் பொறியியல், வேளாண்மை, கால்நடை மருத்துவம், மீன்வளம், சட்டம் ஆகிய படிப்புகளிலும் அரசுப் பள்ளி மாணவர்களுக்கு 7.5 விழுக்காட்டு இடங்கள் தனியே ஒதுக்கப்படுகின்றன. கல்விக் கட்டணத்தையும் விடுதிக் கட்டணத்தையும் அரசே ஏற்கிறது. ஆறாம் வகுப்பு முதல் பன்னிரண்டாம் வகுப்பு வரை அரசுப் பள்ளியிலேயே படித்திருக்க வேண்டும் என்பது நிபந்தனை. உதவி பெறும் பள்ளி இதில் சேராது. கட்டாயக் கல்வி உரிமைச் சட்டத்தின்படி தனியார் பள்ளியில் எட்டாம் வகுப்பு வரை படித்துவிட்டு ஒன்பதாம் வகுப்பிலிருந்து அரசுப் பள்ளிக்கு வந்தவர்களுக்கு மட்டும் விலக்கு உண்டு. திருநெல்வேலியைப் போல உதவி பெறும் பள்ளிகள் நிறைந்த ஊரில் இந்த வேறுபாடு பல வீடுகளுக்குப் பன்னிரண்டாம் வகுப்பு முடிந்த பிறகுதான் தெரியவருகிறது. நம் தெருவிலேயே ஒரு பெண், ஆறாம் வகுப்பை மட்டும் கட்டணப் பள்ளியில் படித்துவிட்டு மீதி ஆறு ஆண்டும் நம் பள்ளியில் படித்தாள். மதிப்பெண் இருந்தது, அந்த ஓர் ஆண்டு குறுக்கே நின்றது.

ஐந்தாம் வகுப்பு மாணவனின் தாய், காலை 10.55
கல்லூரிக்குப் போகிற பிள்ளைகளுக்கு மாதம் 1000 ரூபாய் தருகிறார்களே, அதுவும் அப்படித்தானா, ஐயா?

தமிழையா, காலை 11.05
அது வேறு. கல்லூரிக்குப் போகும் ஆண் பிள்ளைகளுக்கான தமிழ்ப் புதல்வன் திட்டம் 2024 ஆகஸ்டில் தொடங்கியபோதே, உதவி பெறும் பள்ளியில் தமிழ் வழியில் படித்தவர்களையும் சேர்த்துக்கொண்டது. பெண் பிள்ளைகளுக்கான புதுமைப்பெண் திட்டம் 2022இல் அரசுப் பள்ளிக்கு மட்டும் என்று வந்து, 2024 டிசம்பர் 30 அன்று தூத்துக்குடியில் நடந்த விழாவில்தான் உதவி பெறும் பள்ளித் தமிழ் வழி மாணவியருக்கும் விரிவானது. எங்கே சேர்த்தாலும் தமிழ் வழியா ஆங்கில வழியா என்பதையும் சேர்த்து யோசியுங்கள்.

உடற்கல்வி ஆசிரியர், பகல் 12.30
பேனர் பற்றி எல்லோரும் பேசுவதால், இதுவரை சொல்லாமல் வைத்திருந்த ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். 400 மீட்டர் ஓடிய நம் மாணவன் குறுவட்டத்தோடு நின்றுவிட்டான் என்று பட்டியலைப் பார்த்தால் தோன்றும். அவன் நிற்கவில்லை. வருவாய் மாவட்டப் போட்டி பாளையங்கோட்டை அண்ணா விளையாட்டரங்கில் நடந்தது. காலையில் நாங்கள் காத்திருந்த பேருந்து வரவில்லை, அடுத்ததில் ஏறி வண்ணார்பேட்டை நெரிசலைக் கடந்து, இறங்கி இருவரும் ஓடிப் போய்ச் சேர்ந்தபோது அவனுடைய தகுதிச் சுற்று முடிந்திருந்தது. அன்றைக்கு அவன் 400 மீட்டருக்கும் அதிகமாக ஓடினான், பாதையில்தான் ஓடவில்லை. திரும்பும்போது வழி முழுக்க அவன் ஒரு சொல் பேசவில்லை.

சூளை வீட்டுத் தாத்தா, பகல் 1.15
என் பேத்தி எழுதித் தர நான் சொல்கிறேன். மாவட்டக் களிமண் சிற்பப் போட்டிக்கு அவள் மண்ணையும் கொண்டுதான் போனாள். காருகுறிச்சிப் பக்கத்து மண்ணைக் கோடையில் குளத்தில் எடுத்து, கல் பொறுக்கி, மணல் கலந்து, காலால் மிதித்து நான் பதமாக வைத்திருந்த மண் அது. வேறு மண்ணில் அவள் கை வராது. ஈரச் சாக்கில் சுற்றிப் பேருந்தில் ஏற்றியபோது, சட்டை வேட்டியெல்லாம் சேறாகும் என்று சிலர் சத்தம் போட்டார்கள். சாக்கை மார்போடு அணைத்துக்கொண்டு நின்றபடியே போனாள். செய்த பொம்மை திரும்பி வருகிற வழியிலேயே கழுத்தில் விரிசல் விட்டது. உள்ளே குடையாமல் கனமாகச் செய்த மண் பொம்மையைச் சூளையில் வைத்தால் உள்ளிருக்கும் ஈரத்தால் வெடித்துச் சிதறிவிடும் என்பதால், அதை நான் சுடவும் இல்லை. முற்றத்தில் அப்படியே இருக்கிறது.

துபாய் அண்ணாச்சி, பகல் 1.40
தாத்தா, அந்தப் பொம்மையைப் படம் எடுத்து அனுப்பச் சொல்லுங்கள்.

சூளை வீட்டுத் தாத்தா, பகல் 1.52
படம் அனுப்பியிருக்கிறாள். நெல் தூற்றுகிற கிழவி. என் பாட்டி சாயல் இருக்கிறது என்று நான் சொன்னால், இல்லை என்கிறாள்.

துபாய் அண்ணாச்சி, பகல் 2.30
வெகுநேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தேன். பேனருக்கு எடுத்துவைத்த பணம் வேனுக்குப் போகட்டும். இனி போட்டி எங்கே நடந்தாலும் நம் பிள்ளைகள் பேருந்துக்குக் காத்து நிற்கக் கூடாது. ஆனாலும் ஊருக்குத் தெரியும்படி ஏதாவது வேண்டும், அதை நான் விட மாட்டேன்.

தமிழையா, மாலை 4.10
1956இல் எட்டயபுரத்தில் காமராசர் மதிய உணவுத் திட்டத்தைத் தொடங்கிவைத்தபோது எட்டயபுரம் நம் திருநெல்வேலி மாவட்டத்தில்தான் இருந்தது. தொடக்கத்தில் அந்தச் சோற்றில் ஊர்க்காரர் கொடுத்த பங்கும் இருந்தது என்பதைக் கேட்டு வளர்ந்தவன் நான். ஆகவே அண்ணாச்சி பணம் தருவது புதிதன்று, எதற்குத் தருகிறார் என்பதில்தான் என் சண்டை இருந்தது. அது தீர்ந்தது. ஊருக்குத் தெரிய வேண்டும் என்றால், பள்ளியின் தெருப்பக்கச் சுவரில் வண்ணத்தில் எழுதிவிடுவோம். முகம் வேண்டாம். ஆறு முதல் பன்னிரண்டு வரை அரசுப் பள்ளி என்ற நிபந்தனை, என்.எம்.எம்.எஸ். விண்ணப்பத்துக்கும் புதுப்பித்தலுக்கும் அந்தந்த ஆண்டு அறிவிக்கும் தேதி, வருமானச் சான்றிதழுக்கு இ-சேவை மையத்தில் என்னென்ன கேட்பார்கள் என்ற விவரம், இவ்வளவும் இருக்கட்டும். தேதிக்கு மட்டும் கரும்பலகை பூசிக்கொள்ளலாம், ஆண்டுதோறும் மாற்ற வசதி. எழுத்துப் பிழை பார்ப்பது என் பொறுப்பு.

மேலாண்மைக் குழுத் தலைவி, மாலை 4.35
புதுப்பித்தலை நான் பார்த்துக்கொள்கிறேன். உதவித்தொகை வாங்குகிற ஒவ்வொரு பிள்ளையின் பெயரையும் ஒரு நோட்டில் எழுதி, வங்கிக் கணக்கு, ஆதார் இணைப்பு, புதுப்பித்த தேதி மூன்றையும் மாதக் கூட்டத்தில் வாசிக்கிறேன். இன்னொரு வீட்டில் அந்தப் பணம் போகக் கூடாது.

ஞாயிற்றுக்கிழமை

ஐந்தாம் வகுப்பு மாணவனின் தாய், காலை 9.00
அவன் அப்பா இன்னும் யோசிக்கிறார். இங்கே வந்து டீச்சரை ஒரு முறை பார்க்க ஒப்புக்கொண்டிருக்கிறார். அது ஒருபுறம் இருக்க, எனக்கு இன்னொரு சந்தேகம். என் மூத்தவள் எட்டாம் வகுப்பு. இந்த ஆண்டு என்.எம்.எம்.எஸ். தேர்வு வருகிற சனிக்கிழமை காலையில்தானே? ஆண்டு விழா அதற்கு முந்திய வெள்ளிக்கிழமை இரவு என்கிறீர்கள். அவள் கும்மியிலும் இருக்கிறாள், வில்லுப்பாட்டிலும் இருக்கிறாள். பத்து மணிக்கு வந்து படுத்தால் காலையில் எப்படி எழுதுவாள்?

தலைமையாசிரியை, காலை 9.20
மன்னிக்க வேண்டும். இரண்டு அட்டவணையையும் பக்கத்தில் வைத்துப் பார்க்கத் தவறியது நான்தான். பந்தல்காரரிடம் பேசிவிட்டேன். விழா புதன்கிழமைக்கு மாறுகிறது. எட்டாம் வகுப்பினரின் நிகழ்ச்சிகள் முதலில் வரும், எட்டு மணிக்கெல்லாம் அவர்கள் வீட்டுக்குப் போய்விடலாம்.

துபாய் அண்ணாச்சி, காலை 9.45
நல்லது. அப்படியானால் என் வேன் பணத்துக்கு முதல் வேலை சனிக்கிழமையே வந்துவிட்டது. தேர்வு மையம் சேரன்மகாதேவியில்தானே? வேன் தம்பி, என்ன சொல்கிறீர்கள்?

வேன் தம்பி, காலை 10.05
அண்ணாச்சி, எட்டாம் வகுப்பில் தேர்வு எழுதுகிறவர்கள் 23 பேர், என் வண்டியில் 14 பேர்தான் உட்காரலாம், ஆகையால் இரண்டு நடை போக வேண்டும். முதல் தாள் ஒன்பதரைக்குத் தொடங்குகிறது. முதல் நடை பள்ளி வாசலிலிருந்து 7.15க்கும், இரண்டாம் நடை 8.00க்கும் புறப்படும். கன்னடியன் கால்வாய்க் கரைத் தெருப் பிள்ளைகள் முதல் நடையில் வரட்டும். இரண்டாம் தாள் ஒரு மணிக்கு முடியும் வரை அங்கேயே நிற்கிறேன். டீசல் மட்டும் போதும், வாடகை வேண்டாம்.

தலைமையாசிரியை, காலை 10.20
நுழைவுச் சீட்டை வெள்ளிக்கிழமை வகுப்பிலேயே சரிபார்த்துவிடுவோம். இரண்டாம் நடையில் பிள்ளைகளோடு போக ஒருவர் வேண்டும். முதல் நடையில் நான் இருப்பேன்.

உடற்கல்வி ஆசிரியர், காலை 10.40
நான் வருகிறேன். 400 மீட்டர் தம்பியும் வருவதாகச் சொல்கிறான். ஏழு மணிக்கே வந்து, யார் இன்னும் வரவில்லை என்று பார்த்து, அந்தந்த வீட்டுக்கு ஓடிப் போய் அழைத்து வருவது தன் வேலை என்கிறான்.