சி++ வெக்டருக்குள்ள (சைஸ் மாறக்கூடிய லிஸ்ட்) எது முதல்ல அழியும்? இதுல அடி வாங்குனவங்க இருக்கீங்களா

நானே ஆரம்பிக்கிறேன். சி++ல ஒரு சின்ன சர்வர், மாட்யூல் எல்லாத்தையும் யுனிக் பாயின்டரா (அது அழிஞ்சா அது காட்டுற பொருளும் கூடவே அழியும்) ஒரே வெக்டர்ல போட்டு வெச்சிருந்தேன், முதல் எலிமென்ட் லாகர் (நடக்குறத பதிவு பண்றது), மத்ததெல்லாம் அதோட பாயின்டர கையில வெச்சுக்கிட்டு டிஸ்ட்ரக்டர்ல, அதாவது அழியும்போது ஓடுற கோட்ல, "மூடியாச்சு"ன்னு ஒரு வரி லாக் எழுதும். மேக்ல மாசக்கணக்கா ஓடுச்சு, ஒரு முனகல் இல்ல. லினக்ஸ்ல ஏத்துனா வேலையெல்லாம் ஒழுங்கா செஞ்சிட்டு நிறுத்தும்போது மட்டும் செக்மென்டேஷன் ஃபால்ட் (தொடக்கூடாத மெமரிய தொட்டா வர்ற க்ராஷ்), அதுவும் சில நாள் வரும் சில நாள் வராது. ரெண்டு நாள் த்ரெட் (ப்ரோக்ராமுக்குள்ள ஒரே நேரத்துல ஓடுற வேலைகள்) மேல பழியப் போட்டு அலைஞ்சேன். கடைசியில மெமரி தப்பக் காட்டிக்கொடுக்குற அட்ரஸ் சானிடைசர் போட்டதும் செத்துப்போன லாகர்ல போய் எழுதுறது பளிச்னு தெரிஞ்சுது.

மேக்ல கிளாங் கம்பைலரோட லைப்ரரி வெக்டர கடைசியில இருந்து அழிக்குது, லினக்ஸ்ல ஜிசிசி கம்பைலரோடது முதல்ல இருந்து அழிக்குது. ரெண்டுமே தப்பில்ல, ஏன்னா சி++ ஸ்டாண்டர்ட்ல வெக்டருக்கு வரிசையே சொல்லல! சாதா அர்ரேக்கு கட்டுனதுக்குத் தலைகீழா அழியணும்னு கறாரா இருக்கு, அதே நெனப்புல வெக்டரயும் நம்பிட்டேன். முதல்ல காலியாகுற வரைக்கும் பாப்_பேக் பண்ற (கடைசி எலிமென்ட எடுத்து அழிக்கிற) ஒரு லூப் போட்டு சமாளிச்சேன், அப்புறம் அசிங்கமா இருக்குன்னு லாகர தனி மெம்பரா வெக்டருக்கு மேல டிக்ளேர் பண்ணிட்டேன், மெம்பர் தலைகீழாதான் அழியும், அதுக்கு கேரண்டி உண்டு.

---

எனக்கு ரஸ்ட் மொழியில ஆச்சு ப்ரோ. அங்க வெக் (அங்க வெக்டருக்குப் பேரு) முதல்ல இருந்து கடைசி வரைக்கும்தான் ட்ராப் ஆகும், அதாவது அழியும், 2017ல வந்த ஆர்எஃப்சி (மொழியில மாத்தம் கேக்குற முன்மொழிவு) 1857லயே இத உறுதி பண்ணிட்டாங்க, அதனால அதுல பிரச்சினை இல்ல. ஸ்ட்ரக்ட் ஃபீல்டும் எழுதுன வரிசையிலேயே ட்ராப் ஆகும், அதாவது சி++க்கு நேர் எதிர். நான் பழைய பழக்கத்துல டைனமிக் லைப்ரரி (ப்ரோக்ராம் ஓடும்போது ஏத்துற கோட்) ஹேண்டில மேலயும் அதுல இருந்து எடுத்த ப்ளகின கீழயும் எழுதி வெச்சேன். லைப்ரரி முதல்ல மெமரியில இருந்து போயிடுச்சு, ப்ளகினோட ட்ராப் கோடே அதுக்குள்ளதான இருக்கு, அப்புறம் எத கூப்பிடுறது. ரெண்டு வரிய மேல கீழ மாத்துனேன், சரியாயிடுச்சு. இப்ப அந்த இடத்துல "வரிசைய மாத்தாதீங்க"ன்னு பெருசா ஒரு கமென்ட் இருக்கு.

---

அய்யோ முதல் ஆள் சொன்னது அப்படியே என் கதை. சைஸ் மாறணும்னு ஸ்டாண்டர்ட் அர்ரேய எடுத்துட்டு வெக்டர் போட்டேன், ரிவ்யூல யாரும் ஒண்ணும் கேக்கல, டெஸ்ட்டும் எல்லாம் பச்சை. அந்த பாப்_பேக் லூப் இன்னும் என் கோட்ல அப்படியே கிடக்கு 😅