காணொளிகளின் 30ஆம் நாள் பார்வைகளைக் கணிப்பது எப்படி? ஆலோசனை தேவை

வணக்கம். யூடியூபில் பொதுமக்கள் பதிவேற்றும் தமிழ்ச் சமையல் காணொளிகளுக்கு எவ்வளவு வரவேற்பு கிடைக்கும் என்பதை முன்கூட்டியே கணிப்பது குறித்து முதுகலை ஆய்வேடு எழுதிவருகிறேன். ஓரிடத்தில் சிக்கி நிற்பதால் இத்துறையில் அனுபவமுள்ளவர்களின் உதவியை நாடுகிறேன்.

காபோர் சாபோவும் பெர்னார்டோ ஹூபர்மேனும் 2010இல் வெளியிட்ட ஆய்வில், தொடக்ககாலப் பார்வைகளின் மடக்கை (log) மதிப்புக்கும் பிற்காலப் பார்வைகளின் மடக்கை மதிப்புக்கும் வலுவான நேர்கோட்டுத் தொடர்பு இருப்பதைக் காட்டினார்கள். வாசகர்கள் வாக்களித்துச் செய்திகளை முன்னிறுத்திய டிக் (Digg) தளச் செய்திகளின் 30ஆம் நாள் நிலையைக் கணிக்க முதல் 2 மணி நேரத் தரவே போதுமானதாக இருக்க, அதே துல்லியத்துக்கு யூடியூப் காணொளிகளை 10 நாள்கள் கவனிக்க வேண்டியிருந்தது. செய்தி சீக்கிரம் பழசாகிவிடும், காணொளியைத் தேடி ஆள்கள் வந்துகொண்டே இருப்பார்கள்.

என் தரவிலும் இம்முறை பெரும்பாலும் ஒத்துவருகிறது. சிக்கல் பண்டிகைப் பலகாரங்களில்தான். டிசம்பர் நடுவில் ஏற்றப்படும் சர்க்கரைப் பொங்கல் செய்முறை அசையாமல் கிடந்து, பொங்கலை ஒட்டிய நாள்களில் திடீரென எகிறுகிறது. முதல் 10 நாள்களை மட்டும் பார்க்கும் மாதிரியோ அதைத் தேறாத காணொளி என்று ஒதுக்கிவிடுகிறது.

பண்டிகைக்கு எஞ்சியுள்ள நாள்களை ஒரு மாறியாகச் சேர்த்தால் போதுமா, அல்லது இவற்றுக்குத் தனி மாதிரியே அமைக்க வேண்டுமா? வைரலான ஒன்றிரண்டு காணொளிகளே மொத்தப் பிழையையும் தீர்மானித்துவிடுவதால், சார்புப் பிழையை (பிழையை உண்மையான பார்வை எண்ணிக்கையால் வகுத்த விகிதத்தை) அளவுகோலாகக் கொள்வதே சரி என்பது என் கருத்து. மறுப்பவர்கள் காரணத்தோடு எழுதுங்கள். பைத்தான் நிரலைப் பார்த்துச் சொல்ல முன்வருவோருக்கு அனுப்பிவைக்கிறேன்.